தோப்புச் சாளை

பாசில் மாங்காய் லாரியோடு எர்ணாகுளம் போய்த் திரும்பிய மறுநாள் படுத்துவிட்டான். காலையில் தொண்டை கரகரக்கிறது என்றான். மத்தியானம் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது என்றான். சாயங்காலம் போர்வைக்குள் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய சின்னம்மா நஜ்மா தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, "நூத்திமூணு" என்றாள். அதற்குமேல் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவன் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு மாடியறைக்கு ஏறினாள். ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். அவனுக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு துண்டு என்று தனியாக எடுத்து வைத்தாள்.

கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த ருக்கியாவுக்கு, மகனுக்குக் காய்ச்சல் என்பதைவிட, தன் வீட்டில் தன்னைக் கேட்காமல் தங்கச்சி ஏற்பாடு செய்கிறாள் என்பதுதான் முதலில் உறைத்தது.

நஜ்மா அந்த வீட்டுக்கு வந்து பதினெட்டு வருஷம். கட்டிக்கொடுத்த இடத்தில் மூன்றாம் வருஷமே தலாக் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அத்தா, அம்மா இரண்டு பேரும் இல்லை. அக்காவின் வீடுதான் என்றானது. மச்சான் சிக்கந்தருக்கு முதலமடையில் மாங்காய் மண்டி. ஜனவரி பிறந்தால் ஜூன்வரை அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட நேரமிருக்காது. வீடு என்ற அந்தப் பெரிய இயந்திரத்தை ஓட்டியது நஜ்மாதான். ஐந்து வருஷமாக அவளுக்குச் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன்னால் அடுக்களை மூலையில் திரும்பி நின்று, பேனா மாதிரி இருக்கும் இன்சுலினைத் தன் வயிற்றில் தானே குத்திக்கொள்வாள். அந்த நேரத்தில்கூட யாராவது தண்ணீர் கேட்டால், "இதோ வர்றேன்" என்பாள்.

அந்த வாரம் தெருவில் ஏழெட்டு வீடுகளில் காய்ச்சல். சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் ஆன்மேரி வீடு வீடாக வந்தாள். கோட்டயத்துக்காரி. தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் காய்ச்சலை மட்டும் மலையாளத்தில் பனி என்றுதான் சொல்வாள்.

"ஃப்ளூதான். பயப்படவேண்டாம். இவனைப் போல நல்ல ஆரோக்கியம் உள்ளவங்களுக்கு வீட்லயே சரியாயிடும். ரெஸ்ட் எடுக்கணும். கஞ்சி, தண்ணி, எளநீர் நெறைய குடிக்கணும். பனிக்குப் பாரசிட்டமால் போதும். போன தடவை மிச்சம் கெடக்குற ஆன்டிபயாட்டிக்கை எடுத்துக் கொடுத்துடாதீங்க, அது இதுக்குக் கேக்காது. பாத்துக்கறவங்க மாஸ்க் போட்டு, சோப்புல கை கழுவணும்." பேசிக்கொண்டே வந்தவள் நஜ்மாவைப் பார்த்து நின்றாள். "சேச்சிக்கு ஷுகர் இருக்கில்லே? நீங்க இதுல நிக்கக் கூடாது. ஃப்ளூவுக்குத் தடுப்பூசி போட்டிருக்கீங்களா?"

நஜ்மா அக்காவைப் பார்த்தாள். நவம்பரில் ருக்கியாவும் சிக்கந்தரும் மக்காவுக்கு உம்ரா போனபோது அந்த ஊசியைப் போட்டுக்கொண்டார்கள். "எனக்கும் போட்டுக்கட்டுமாக்கா?" என்று நஜ்மா அன்றைக்குக் கேட்டாள். ஊட்டைவிட்டு எங்கயும் போகாதவளுக்கு எதுக்கு என்று ருக்கியா சொன்னாள்.

"அப்ப, ஊசி போட்டவங்க யாராவது பையனைப் பாத்துக்கங்க" என்றாள் ஆன்மேரி.

"எனக்கு வீசிங் இருக்குதுங்க சிஸ்டர்" என்றாள் ருக்கியா. அந்த நிமிஷம்வரை அப்படியொரு வியாதி தனக்கிருப்பது அவளுக்கே தெரியாது.

ஆன்மேரி நம்பினாளா இல்லையா என்பது தெரியவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது நஜ்மாவிடம் மட்டும் திரும்பிச் சொன்னாள். "உங்களுக்குச் சின்னப் பனி வந்தாலும் அன்னிக்கே வந்துடணும், கேட்டோ? இதுக்குன்னு மாத்திரை இருக்கு. ரெண்டு நாளைக்குள்ள ஆரம்பிச்சாத்தான் பிரயோஜனம். சுகமில்லைன்னாலும் இன்சுலினை நிறுத்தக் கூடாது."

பாசிலுக்கு அடுத்து சுமையா விழுந்தாள். ருக்கியாவின் மகள், இருபத்திரண்டு வயது. புதுநகரத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். சிக்கந்தருக்கும் ஒரு நாள் மூக்கு ஒழுகியது, மறுநாள் மண்டிக்குப் போய்விட்டார். ருக்கியாவுக்கு ஒன்றுமே வரவில்லை.

நஜ்மா மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மாடிக்கும் கீழேயுமாக நடந்தாள். துண்டுகளை வெந்நீரில் போட்டு அலசி மொட்டைமாடி வெயிலில் காயவைத்தாள். மணிக்கொருதரம் சுமையாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கதவுப் பிடிகளைக்கூடத் துடைத்தாள். "இவ பெரிய டாக்டரு" என்று ருக்கியா சொன்னபோது சிரித்தாள்.

மூன்றாம் நாள், காய்ச்சல் ஏறிக் கிடந்த சுமையாவைப் பார்க்க ருக்கியா மாடிக்குப் போனாள். கதவருகே நின்றபடி, "சுமி, அம்மா வந்திருக்கேன் கண்ணு" என்றாள். கண்ணைத் திறக்காமலே அந்தப் பெண், "சின்னம்மா எங்கே? சின்னம்மாவ வரச் சொல்லுங்க" என்றாள்.

ருக்கியா கீழே இறங்கி வந்தாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் சிக்கந்தர் வேறு, "நஜ்மா மட்டும் இல்லீன்னா இந்த ஊடு ஆஸ்பத்திரியா ஆயிருக்கும்" என்றார். தங்கச்சிக்கு மூன்று வயதாக இருக்கும்போது அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனவள் ருக்கியாதான். இப்போது அந்தத் தங்கச்சியின் தட்டில் சோற்றைப் போட்டபோது கரண்டி தட்டில் இடித்தது.

வியாழக்கிழமை சுமையா எழுந்து குளித்தாள். அன்றைக்கே நஜ்மா இருமினாள்.

அடுக்களைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றவளை ருக்கியா தொட்டுப் பார்க்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. "அக்கா, ஒருக்கா ஹெல்த் சென்டருக்குப் போயிட்டு வந்துர்றேன். சிஸ்டர் அன்னிக்கே வரச் சொன்னாங்க."

"இப்பப் போனா உடமாட்டாங்க. ஆஸ்பத்திரி, அட்மிட்டுன்னு ஆக்கிருவாங்க. ஞாயித்துக்கெழமை வெச்சுட்டு ஊரெல்லாம் இந்த ஊட்டுல காய்ச்சல்னு சொல்ல வெக்கறியா? மாப்பிள்ளையோட அத்தா ஹார்ட் ஆபரேஷன் பண்ணினவரு. கேள்விப்பட்டா வருவாங்களா?"

"அப்ப நான் மாடில இருந்துக்கறேன். கீழயே வரலை."

"வர்ற பொம்பளைங்க மாடியெல்லாம் ஏறிப் பாப்பாங்க. இருமல் சத்தம் கேக்காதா?" ருக்கியாவுக்கு வழி ஒன்று சட்டென்று தோன்றியது, தோன்றியதும் அதுவே சரியென்றும் பட்டது. "தோப்புச் சாளைல போய் இரு. மூணு நாளு. குருவம்மா இருக்கறா, கஞ்சி வெச்சுக் குடுப்பா. தனியா இருக்கோணும்னு உங்க சிஸ்டரே சொன்னாங்கல்ல?"

அணைக்கட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்தது அவர்களுடைய மாந்தோப்பு. அதற்குள் ஓடு வேய்ந்த ஒற்றை அறைதான் சாளை. மருந்தடிக்கிற மிஷினும் மாங்காய்க் கூடைகளும் போட்டு வைக்கிற இடம். தோப்பில் காவலிருந்த குருவம்மாளின் குடிசை அதற்குக் கொஞ்சம் தள்ளி.

நஜ்மா மறுக்கவில்லை. அந்த வீட்டில் மறுத்துப் பழக்கமில்லை அவளுக்கு. "சுமிகிட்ட ஒரு வார்த்தை..." என்று மட்டும் ஆரம்பித்தாள்.

"அவகிட்ட ஒண்ணுஞ் சொல்லாதே. அழுது மூஞ்சிய வீங்க வெச்சுக்குவா. போனையுங் குடு. அங்க கரண்டே இல்ல, அதை வெச்சு என்ன பண்ணப் போறே?"

பையை ருக்கியாவே கட்டினாள். இரண்டு நைட்டி, துண்டு, பாரசிட்டமால் பட்டை. "என்ற மருந்து?" என்று நஜ்மா கேட்டதற்கு, "எல்லாம் வெச்சாச்சு" என்றாள். வேண்டுமென்று சொன்ன பொய்யில்லை அது. அவசரத்தில் வாய் சொல்லிற்று. சிக்கந்தர்தான் காரில் கொண்டுபோய் விட்டுவந்தார். "டாக்டர்கிட்டக் காட்டியாச்சா?" என்று அவர் கேட்டபோதும் ருக்கியாதான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். "காட்டியாச்சுங்க. ரெஸ்ட் எடுத்தாப் போதும்னுட்டாங்க." கார் புறப்பட்டபோது நஜ்மா பின்சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு, யார் மேலும் இருமக் கூடாது என்று முகத்தை வெளிப்பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்த ருக்கியா அதைப் பார்த்தாள். கதவின் மேல்தட்டில் முட்டைகளுக்குப் பக்கத்தில் நீலமூடி போட்ட இன்சுலின் பேனா. பாசிலைக் கூப்பிட வாயெடுத்தாள். அவன் பந்தல்காரரோடு போயிருந்தான். வரட்டும், கொடுத்தனுப்பலாம் என்று கதவைச் சாத்தினாள்.

பாசில் பதினொரு மணிக்கு வந்தான். அப்போது சுமையா கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, தலை பின்னி விடுங்களேன். சின்னம்மா எங்கே போனாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கொல்லங்கோட்டுல ஒரு மௌத்து. நம்ம ஊட்டுல இருந்து ஒருத்தராவது போகோணுமில்ல, போயிருக்கா" என்றாள் ருக்கியா. மகளின் கூந்தலை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அந்தத் தலையைப் பின்னி எத்தனை வருஷமிருக்கும் என்று அவளுக்கே நினைவில்லை. பின்னப் பின்ன அந்தப் பெண் மாமியாரைப் பற்றியும் சேலையைப் பற்றியும் அம்மாவிடம் பேசினாள். எதைக் கேட்டாலும் அம்மாவிடம் கேட்டாள். ருக்கியா இரண்டு தடவை பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினாள். பாசில் சாப்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் குருவம்மாள் நடந்தே வந்தாள். வெயிலில் முகம் கறுத்து, மூச்சு இரைக்க, கொல்லைக் கதவில் நின்றாள்.

"ஏனுங்கம்மா, சின்னம்மிணிக்கு நெம்ப முடியலீங்க. நேத்து பூராவும் வாந்தி. குடம் குடமாத் தண்ணி கேக்கறாங்க. மூச்சு இழுத்து இழுத்து வாங்குதுங்க. ஊசி மருந்து பையில இல்லியாமா, ஐஸ்பொட்டில இருக்குதுன்னு வாங்கியாரச் சொன்னாங்க."

ருக்கியா குரலைத் தாழ்த்தினாள். "கத்தாதே. தேடிப் பாத்து பாசில்கிட்டக் குடுத்தனுப்பறேன். இந்தா, கஞ்சி. நீ போ. திங்கக்கெழமை வரைக்கும் இங்கெ வராதே. உன்னோட ஒட்டிக்கிட்டு வந்துரும்."

"காருல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாத் தேவலைங்க."

"எப்பக் கூட்டிட்டுப் போகோணும்னு எனக்குத் தெரியும். அவ என்ற கூடப் பொறந்தவ."

குருவம்மாள் கஞ்சித் தூக்குப்போசியோடு போனபிறகு ருக்கியா ஃப்ரிட்ஜைத் திறந்து பேனாவைக் கையில் எடுத்தாள். சில்லென்று இருந்தது. பாசில் வாசலில்தான் இருந்தான். பைக்கில் இருபது நிமிஷம். ஆனால் அவன் போனால் பார்ப்பான். பார்த்தால் சும்மா வரமாட்டான், சின்னம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். சுமையா பின்னாலேயே ஓடுவாள். சிக்கந்தர் கேட்பார், டாக்டரிடம் காட்டியதாகச் சொன்னாயே என்று. இரண்டு நாளாக மருந்து இங்கேயா இருந்தது என்று கேட்பார்கள். நேற்றே கொடுத்தனுப்பியிருந்தால் மறதி. இன்றைக்குக் கொடுத்தனுப்பினால் அதற்கு வேறு பெயர்.

நாளைக்குச் சாயங்காலம் எல்லாரும் கிளம்பியதும் நானே நேரில் போகிறேன், ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள். பேனாவைத் தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் வைத்தாள். கை கழுவினாள். கூடத்திலிருந்து சுமையா, "அம்மா, மருதாணி சிவந்திருக்கான்னு பாருங்க" என்று கூப்பிட்டாள். "வர்றேன் கண்ணு" என்று போனாள்.

ஞாயிற்றுக்கிழமை புதுநகரத்திலிருந்து நாற்பது பேர் வந்தார்கள். பிரியாணி நன்றாக அமைந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா சுமையாவின் கையில் வளையல் போட்டாள். துவா ஓதி, கல்யாணத்துக்கு ஏப்ரலில் ஒரு தேதி பேசி முடித்து, ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஆன்மேரி வந்தாள். யூனிஃபார்ம் கசங்கியிருந்தது. வாசலிலேயே நின்று கேட்டாள்.

"நஜ்மா சேச்சிக்கு எந்த இன்சுலின், எவ்வளவு யூனிட்? சீட்டு இருக்கா? டாக்டர் கேக்குறார்."

சிக்கந்தர் எழுந்து நின்றார். "என்ன ஆச்சுங்க?"

"குருவம்மாள் வந்து சொல்லி, நான்தான் ஆம்புலன்ஸ்ல பாலக்காட்டுக்கு அனுப்பினேன். போகும்போதே நினைவில்லை. எத்தனை நாளா பனி? மாத்திரை ஏன் தொடங்கலை? மூணு நாளா இன்சுலின் எடுக்கலைன்னு அந்த அம்மா சொல்றாங்க, நெஜமா?"

ருக்கியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "எல்லாம் குடுத்துத்தான் அனுப்பினேன் சிஸ்டர். யாருக்கும் ஒட்டக் கூடாதுன்னுதான் தனியா வெச்சோம். நீங்கதானே சொன்னீங்க?"

ஆன்மேரி அவளையே பார்த்தாள். "தனியா வெக்கச் சொன்னேன். விட்டுடச் சொல்லலை."

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா பேசினாள். இவ்வளவு நேரமும் ருக்கியாவின் உயிர் அந்த வாயில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "நல்ல காரியம்தான் பண்ணியிருக்கீங்க சம்பந்தி. எங்க ஊட்டுக்காரரு இருக்கற நெலமைக்கு, இங்க காய்ச்சக்காரங்க இருந்து நாங்க வந்திருந்தா என்ன ஆகறது? உங்களுக்கு நெம்ப முன்யோசனை."

சிக்கந்தரும் பாசிலும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சுமையா வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் போகிறேன் என்று அழுதாள். "நீ அழுவேன்னுதான் மௌத்துக்குப் போயிருக்கான்னு சொன்னேன். நிச்சயம் ஆன பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. நீ இப்பத்தான் எந்திரிச்சிருக்கே" என்று ருக்கியா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். சம்பந்தி வீட்டார் புறப்படும்வரை மிச்சப் பிரியாணியைக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் அவள் எங்கும் போகவில்லை. பேனாவை உடைத்துச் சாக்கடையில் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நஜ்மா மௌத்தானாள். சர்க்கரை ஏறி ரத்தம் கெட்டுப்போய்விட்டது, நுரையீரலில் சளியும் கட்டிவிட்டது, இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சிக்கந்தரிடம் சொன்னார். சிக்கந்தர் அதை வீட்டில் வந்து அப்படியே சொன்னார். சொல்லும்போது மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

உடம்பு வீட்டுக்கு வந்தபோது ருக்கியா போட்ட அலறல் நடிப்பில்லை. அவளை நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. மூன்று வயதுக் குழந்தை ஒன்றைத் தான் சந்தைக்குத் தூக்கிப்போனது அவளுக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. "என்னையத் தாயாப் பாத்துக்கிட்டவ போயிட்டாளே" என்று அவள் அழ, கூடியிருந்த பெண்களெல்லாம் அழுதார்கள். பதினெட்டு வருஷம் தங்கச்சியை வைத்துக் காப்பாற்றினவள் என்று தெருவே அவளைப் பற்றிச் சொன்னது. குளிப்பாட்ட வரச் சொன்னபோது மட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. வீசிங் உள்ளவளைக் கூப்பிடாதீர்கள் என்று யாரோ சொன்னார்கள். கையுறை மாட்டிக்கொண்டு நஜ்மாவைக் குளிப்பாட்டியவர்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள்.

மூன்றாம் நாள் துவா ஓதி முடிந்த பிறகு குருவம்மாள் வந்து, மண்டியிலிருந்து திரும்பிய சிக்கந்தரிடம் முற்றத்தில் நின்று சொன்னாள். "நான் சனிக்கெழமையே வந்து கேட்டனுங்க. ஊசி மருந்து ஐஸ்பொட்டில இருக்குதுன்னு சொன்னனுங்க. அம்மா அனுப்பறேன்னாங்க. அனுப்பலீங்க. சின்னம்மிணி பாதையப் பாத்துட்டே கெடந்தாங்க. பைக் சத்தம் கேட்டா எந்திரிச்சு உக்காருவாங்க."

சிக்கந்தர் வீட்டுக்குள் வந்து மனைவியிடம் கேட்டார். "அவ சொல்றது நெசமா?"

"எங்கிட்ட அப்படிக் கேக்கவேயில்லீங்க. கஞ்சி கேட்டா, குடுத்தேன். அவதானே கூட இருந்தா? முடியலைன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகாம ஞாயித்துக்கெழமை வரைக்கும் என்ன பண்ணினா? இப்ப எம்மேல போடறா." ருக்கியா நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஏப்ரல்ல கல்யாணம். இவ இதையே புதுநகரம் வரைக்கும் சொல்லீட்டுத் திரிஞ்சா நம்ம புள்ள கதி என்னங்க?"

அவர் முப்பது வருஷம் மாங்காயைத் தொட்டே உள்ளே அழுகலா இல்லையா என்று சொல்லிவிடுகிற மனுஷன். எழுந்து முற்றத்துக்குப் போனார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன், குடிசையைக் காலிபண்ணிவிடு என்று குருவம்மாளிடம் சொன்னார்.

குருவம்மாள் சண்டை போடவில்லை. சீசன் நடுவில் வேறு தோப்பில் யார் சேர்ப்பார்கள் என்றும் கேட்கவில்லை. கொல்லைப் பக்கமாகச் சுற்றி வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ருக்கியாவின் முன்னால் நின்றாள். இப்போது அந்த வேலையெல்லாம் ருக்கியாவுக்குத்தான்.

"போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணுமுங்க. நெனவு தப்பற வரைக்கும் சின்னம்மிணி சுமி பாப்பா பேரத்தான் சொல்லீட்டு இருந்தாங்க. பாப்பாவுக்கு எளநீ குடுத்தாச்சா, பாப்பாவுக்குக் காச்சல் எறங்குச்சான்னு கேட்டுட்டே இருந்தாங்க. பாப்பாகிட்டச் சொல்லீருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"சொல்றேன்" என்றாள் ருக்கியா.

அன்றைக்குச் சாயங்காலம் சுமையா அடுக்களை வாசலில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது கண்ணிமை தடித்திருந்தது. "அம்மா, குருவம்மா வந்திருந்தாளாமே. கடேசில சின்னம்மா என்னையக் கேட்டாங்களா?"

ருக்கியா அடுப்பைச் சின்னதாக்கினாள். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கலைந்திருந்த அவள் தலைமுடியை ஒதுக்கி, விரலால் சிக்கெடுக்கத் தொடங்கினாள்.

"இல்ல கண்ணு. யாரையுமே கேக்கலியாம்" என்றாள்.